லீவுல யார் தண்ணி ஊத்துவா? பினாங்கில் ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு

கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து தீவுக்கு ஃபெரி. பாலம் 1985-லேயே வந்துவிட்டது, இரண்டாவது பாலமும் 2014-இல் வந்துவிட்டது. ஆனாலும் ஃபெரியில் போகாமல் பினாங்குக்குப் போனதாக எனக்குக் கணக்கு வராது.

என் துணிப்பையைத் தூக்கிப் பார்த்த ஒருவர், "என்ன அக்கா, கடை போடப் போறீங்களா?" என்று கேட்டார். ஏழு கண்ணாடிப் போத்தல், ஒரு சமையல் வெப்பமானி, ஒரு பொட்டலம் உலர்ந்த சங்குப்பூ, மண்ணின் புளிப்பை அளக்கக் கொஞ்சம் பிஎச் தாள், இரண்டு பழைய கையுறை. தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்து நாள் பிள்ளைகளோடு மண்ணில் வேலை. அறிவியல் பாடம் எடுக்கும் ஆசிரியை என் பழைய தோழி, அவள் கூப்பிட்டதால் வருகிறேன்.

போகும் முன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பக்கம் இதுவரை மூன்று பள்ளிகளில் தோட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்றும் செத்துப்போயின. பூச்சி காரணமில்லை, மண்ணும் காரணமில்லை. ஆண்டிறுதி விடுமுறைதான். பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள், ஆசிரியர்கள் ஊருக்குப் போனார்கள், சாவி (கீரைதான்) சருகாகிப் போனது. திரும்பி வந்தவர்கள் படம் எடுத்த இடத்தை மட்டும் பார்த்தார்கள். அதனால் இந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்: லீவுல யார் தண்ணி ஊத்துவா?

தங்குவது ஆயர் ஈத்தாமில் பெரியம்மா வீட்டில். சாப்பாட்டைப் பற்றி எழுதப்போவதில்லை. பினாங்கு என்றாலே எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

இரண்டாம் நாள், திங்கள்

மலேசியாவில் தமிழ்க் கல்வி தொடங்கியதே இந்தத் தீவில்தான். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு ஒன்று நடந்தது, அதிலிருந்துதான் கணக்கு வைக்கிறோம். இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். நான் போன பள்ளி அவற்றில் நடுத்தரமானது. பின்னால் மலை, முன்னால் அடுக்குமாடிகள்.

காலையில் தலைமையாசிரியர் பழைய தோட்டத்தைக் காட்டினார். காட்டினார் என்பதைவிட, அங்கே ஒன்று இருந்தது என்று கை நீட்டினார். கட்டடத்துக்குப் பின்னால், ஆய்வகத்துக்கும் மதிலுக்கும் இடையில். மஞ்சளும் நீலமும் பூசிய டயர்கள், வெட்டிய மினரல் வாட்டர் போத்தல்கள், 'எங்கள் பசுமைத் தோட்டம்' என்ற பலகை. பலகை மட்டும் புதிதாக இருந்தது. டயருக்குள் மழைத்தண்ணீர், அதில் புழுக்கள் நெளிந்தன. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு. முதல் பாடமே டயரைக் கவிழ்ப்பதாக முடிந்தது.

இருபத்தெட்டுப் பிள்ளைகள், நான்காம் ஐந்தாம் ஆண்டு. 'பெர்மாகல்ச்சர்' என்று கரும்பலகையில் எழுதினேன். "பெருமாள் கல்ச்சரா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. ஆஸ்திரேலியாவில் பில் மொலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் 1978-இல் எழுதிய புத்தகத்தோடு பரவிய சொல், நிலைத்த வேளாண்மை என்று பொருள் கொள்ளலாம் என்றேன். மண்ணைப் பார்த்துக்கொள், மனிதரைப் பார்த்துக்கொள், மிஞ்சியதைப் பங்கு போடு. மூன்றாவதற்கு மட்டும் தலையை ஆட்டினார்கள். நாசி லெமாக் பொட்டலத்தைப் பங்கு போடும் பிள்ளைகள்தானே.

அப்புறம் வெளியே கூட்டிப்போய் ஒரு வேலை கொடுத்தேன். பள்ளியின் படத்தை வரைந்து, நேற்று அதற்கு முந்தின நாள் எங்கெல்லாம் நடந்தாய் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும். கோடு எங்கே தடிக்கிறதோ அங்கேதான் உங்கள் கால் தினமும் போகிறது.

பெர்மாகல்ச்சரில் இதற்கு வட்டாரம் பிரித்தல் என்று பேர். வீடு பூஜ்யம், தினமும் கால் படுகிற இடம் ஒன்று, அப்படியே போய் ஐந்தாவது வட்டாரம் மனிதன் கை வைக்காத காடு. தினமும் கிள்ளும் கீரை ஒன்றில் இருக்க வேண்டும். எப்போதாவது பறிக்கும் பலா தள்ளி இருக்கலாம்.

இருபத்தெட்டுப் படத்திலும் சிவப்பு தடித்த இடம் ஒன்றே: சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் கை கழுவும் குழாய் வரிசை. பழைய தோட்டத்தின் பக்கம் இருபத்தேழு படத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஒரே ஒரு பிள்ளை மட்டும் கோடு போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அழணும்னா அங்கதான் டீச்சர் போவேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோட்டம் ஏன் செத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் எனக்குக் கிடைக்காது. கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லியிருக்கிறோம்.

குழாய் வரிசைக்குப் பின்னால் புல்வெளி ஒரு துண்டு இருக்கிறது. கை கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும் வழியில். இடம் முடிவானது.

மூன்றாம் நாள், செவ்வாய்

மண் நாள். போத்தலில் பாதி மண், மீதி தண்ணீர், குலுக்கி வைத்தாயிற்று. ஒரு நிமிடத்தில் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் உட்கார சில மணி நேரம் வேண்டும். களிமண் ஒரு நாளோ அதற்கு மேலோ தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். எங்கள் போத்தலில் முக்கால்வாசி மணல். பினாங்குத் தீவே கருங்கல் மலை, அது தேய்ந்து வந்த மண் இப்படித்தான் இருக்கும். தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. போதாதற்கு இங்கே பெய்கிற மழை இருக்கும் சத்தையும் கரைத்துக்கொண்டு போகும். காட்டில் மரம் செழிப்பதற்குக் காரணம் மண்ணில் இருக்கும் சொத்து இல்லை, விழுந்த இலை உடனே மட்கி மறுபடி வேருக்குப் போகிற சுற்றுதான். இலையை எடுத்துவிட்டால் சுற்று அறுந்துபோகும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோட்டக்கார ஐயா கறுப்புப் பையோடு எங்களைத் தாண்டிப் போனார்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் அவமானம். சங்குப்பூவை வெந்நீரில் ஊறப்போட்டால் நல்ல நீலச்சாறு வரும். நியோன்யா பலகாரத்துக்கு நிறம் சேர்ப்பது அதுதான், பிள்ளைகளுக்குத் தெரியும். எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. சோடா உப்புப் போட்டால் பச்சை. வகுப்பே வாயைப் பிளந்தது. அடுத்து மண் ஊறிய தண்ணீரைப் பெருமையாக ஊற்றினேன். நீலம் நீலமாகவே நின்றது.

"டீச்சர், மண்ணு புளிக்கும்னு சொன்னீங்க?"

புளிப்பதுதான். ஆனால் சங்குப்பூச் சாறு நல்ல காட்டமான புளிப்புக்குத்தான் நிறம் மாறும், மண்ணின் மெல்லிய புளிப்புக்கெல்லாம் மசியாது. வீட்டில் ஒரு தரம் செய்து பார்த்திருக்க வேண்டும். பிஎச் தாளை நனைத்தோம், ஐந்துக்குப் பக்கத்தில் காட்டியது. ஏழுக்குக் கீழே என்றால் புளிப்பு. புளிப்பைக் குறைக்க, சிற்றுண்டிச்சாலையில் தினமும் வீசும் முட்டை ஓட்டை இடித்துப் போடலாம், ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றேன். முட்டை ஓடு இடிக்க ஐந்து பேர் உடனே முன்வந்தார்கள். இடிப்பது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது.

அவமானத்தைத் துடைத்தது தொட்டாற்சிணுங்கி. புல்வெளி முழுக்க அதுதான், பிள்ளைகள் அதைச் சீண்டாத நாளில்லை. வேரோடு ஒன்றைப் பிடுங்கிக் கழுவிக் காட்டினேன். வேரில் சிறு சிறு முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகிறது. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவுக்காரச் சாயம், அதிலும் இரும்புச் சத்து இருக்கிறது. "செடிக்கு ரத்தமா!" என்று ஒருத்தி கத்த, அடுத்த பத்து நிமிடத்தில் புல்வெளியில் தொட்டாற்சிணுங்கி பாதியாகிவிட்டது. பயற்றங்காய், கச்சாங் போத்தோல் (சிறகவரை), சங்குப்பூ எல்லாம் இதே வேலையைச் செய்யும் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

மதியம் மட்குக் குவியல். குறைந்தது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் உள்ளே சூடு தங்கும். கார்பன் முப்பது பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்பது புத்தகக் கணக்கு. பிள்ளைகளுக்கு, மூன்று கூடை காய்ந்த இலைக்கு ஒரு கூடை ஈரக்கழிவு. காய்ந்த இலைக்கு எங்கே போவது?

அங்கேதான் ஐயாவின் கறுப்புப் பை. அன்றைக்கு மட்டும் ஒன்பது பை, பள்ளி வாசலில் லோரிக்காகக் காத்திருந்தன. எரிக்க முடியாது, திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். தீவின் குப்பை கடைசியில் பெருநிலத்தில் புலாவ் புரோங் குப்பைமேட்டுக்குப் போகிறது. அலுவலக வாசலில் இன்னொரு பக்கம் ஆறு மூட்டை இருந்தன: நர்சரியிலிருந்து எனக்காகவே பள்ளி வாங்கி வைத்த தோட்ட மண். ஒன்பது மூட்டை சத்தைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, ஆறு மூட்டை காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். பிள்ளைகளிடம் நான் இதை விளக்கவில்லை, இரண்டையும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் எண்ணிவிட்டு, "ஏன் டீச்சர் பெரியவங்க இப்படி?" என்றான்.

ஐயாவிடம் பைகளைக் கேட்டேன். முகம் சரியில்லை. "கூட்டி வச்சத மறுபடி உள்ள கொட்டறதா?" நாற்பது வருஷமாகக் கூட்டுகிறவர். தரையில் இலை கிடந்தால் அவரைத்தான் கேட்பார்கள். ஐந்து பையைக் கொடுத்தார். நான்கை வாசலிலேயே வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள், புதன்

வந்ததும் நாற்றம். மட்குக் குவியலில் நேற்று மாலை யாரோ ஒரு வாளி மீந்த சோறும் கறியும் கொட்டியிருக்கிறார்கள். கேட்டால் யாரும் இல்லை. எண்ணெய்ச் சோறு, கோழிக்கறி, மேலே எறும்புப் படை. தலைமையாசிரியர் மூக்கைப் பொத்தவில்லை, ஆனால் பொத்த நினைத்தது தெரிந்தது. "வெள்ளிக்கிழமை அதிகாரிங்க வராங்க டீச்சர்," என்றார்.

நாறுகிறது என்றால் உள்ளே காற்றில்லை, ஈரம் அதிகம். கறியைப் பொறுக்கி எடுத்து, குவியலைப் புரட்டி, காய்ந்த இலை இரண்டு கூடை சேர்த்தோம். புரட்டியவர்கள் பெண்பிள்ளைகள். பையன்கள் தூரத்தில் நின்று ஆலோசனை சொன்னார்கள்.

அப்புறம் வாழை வட்டம். இரண்டு மீட்டர் அகலத்தில் வட்டமாகக் குழி, வெட்டிய மண் சுற்றிக் கரையாக. குழிக்குள் கிளை, சருகு, அட்டைப்பெட்டி. கரையில் வாழைக்கன்று நான்கைந்து, நடுநடுவே பப்பாளி, சேம்பு, தரையை மூட சர்க்கரைவள்ளிக்கொடி. கை கழுவிய தண்ணீர் குழாய் வழியாகக் குழிக்குள். வாழை தண்ணீரும் சத்தும் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். ஒரு தார் வெட்டினால் பக்கத்தில் அடுத்த கன்று எழும். லீவில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த அரைப் பதில் இது.

தலைமையாசிரியருக்குக் கொசுப் பயம். நியாயமான பயம்தான். ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். பள்ளியில் டெங்கி என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். வாய்ப்பேச்சு எதற்கு என்று குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பார்த்தோம். பதினெட்டு நிமிடத்தில் காணோம். நேற்று நான் திட்டிய மணல் மண் இன்று காப்பாற்றியது.

குழி முழங்கால் ஆழம் போனதும் செங்கல்லும் சிமெண்ட் கட்டியும். பழைய கட்டடத்தை இடித்துப் புதைத்திருக்கிறார்கள். நான் சோர்ந்து உட்கார்ந்த நேரத்தில் ஐயா வந்தார். கையில் கடப்பாரை. ஒன்றும் பேசாமல் இறங்கி நெம்பினார். அரைமணி நேரத்தில் கட்டிகள் மேலே.

"இத ஏன் வட்டமா வெட்டறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எஸ்டேட்ல எங்க லயத்துக்குப் பின்னால அம்மா பாத்திரம் கழுவற தண்ணி வாழைக்குத்தான் போகும். வட்டமெல்லாம் இல்ல. வாய்க்கா இழுத்து விடுவாங்க. சப்பான்காரன் காலத்துல மரவள்ளியும் அந்த வாழையுந்தான் எங்க தாத்தா குடும்பத்துக்குச் சோறுன்னு சொல்வாங்க."

பிள்ளைகள் சப்பான்காரன் கதையைப் பிடித்துக்கொண்டார்கள், கடப்பாரை அப்படியே நின்றது. மூன்று மணிக்கு மழை வந்து எல்லோரையும் கூரைக்குள் விரட்டும்வரை அவர்தான் ஆசிரியர். மரவள்ளித் தண்டை எப்படி வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று குச்சியை வைத்து அவர் காட்டியதை நான் குறித்துக்கொண்டேன். எனக்கும் சரியாகத் தெரியாது.

மழையில் ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்தது. மொட்டையாக இருந்த மண் செந்நிறமாகக் கரைந்து சாக்கடைக்கு ஓடியது, சருகு போட்ட இடத்தில் ஓடிய தண்ணீர் தெளிவாக இருந்தது. கூரையடியில் நின்ற இருபத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள்.

மாலையில் மழை விட்டதும் தண்ணீர்மலைப் பக்கம் போனேன். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று. 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவர் தொடங்கியது. மலைப்பக்கம் மரத்தடியில் இலையை யாரும் கூட்டவில்லை. குனிந்து மேல் இலையை விலக்கினால் அடுத்தது பாதி மட்கியது, அதற்கடியில் கறுப்பு மண், விரல் அளவுதான். அதற்குக் கீழே நம் பள்ளியில் இருக்கும் அதே மணல். ஒரு குரங்கு வந்து என் பையைப் பறிக்கப் பார்த்ததால் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

ஐந்தாம் நாள், வியாழன்

வெப்பமானி 54 காட்டியது! குவியலின் நடுவில் கையை விட்டுப் பார்க்கும் போட்டி நடந்தது, யாராலும் ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லை. நாற்றமும் போய்விட்டது. அதிகாரிகள் வரட்டும்.

நடவு. எல்லோரையும் கரையில் உட்காரவைத்து என் கேள்வியைக் கேட்டேன். இன்னும் சில வாரத்தில் விடுமுறை. யார் தண்ணீர் ஊற்றுவது?

இருபத்தெட்டுக் கையும் உயர்ந்தன. எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் உயரும். "சரி, கையைக் கீழே போடுங்க. லீவுல உண்மையா எங்க இருப்பீங்க?" பாட்டி வீடு, சுங்கை பட்டாணி. அம்மா வேலைக்குப் போவாங்க, தம்பியைப் பார்க்கணும். வேன் வராது. கடைசியாக ஒரு பையன், "நான் வரமாட்டேன் டீச்சர்" என்றான். காரணமே சொல்லவில்லை. எனக்கு அவனைத்தான் ரொம்பப் பிடித்தது.

யாரும் வரமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு பேச்சு வேறு மாதிரி ஆனது. யாரும் வராவிட்டாலும் எது பிழைக்கும்? மரவள்ளி என்றார்கள். முருங்கை. செராய். பண்டான் இலை. கறிவேப்பிலை, "ஆனா சின்னதா இருக்கும்போது செத்துடும், எங்க வீட்ல மூணு செத்துச்சு." மஞ்சள், லெங்குவாஸ். வேலியில் கச்சாங் போத்தோல். சாவி? "அது செத்துடும் டீச்சர்." நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள்.

சிக்கல் எங்கே என்றால், தலைமையாசிரியருக்குச் சாவிதான் வேண்டும். ஒரு மாதத்தில் அறுவடை, வரிசையாகப் பச்சைப்பசேல் என்று இருக்கும், படம் நன்றாக வரும். குச்சியாக நட்ட மரவள்ளியை யார் படம் எடுப்பார்கள்? அவரைக் குறை சொல்ல மாட்டேன், கோப்பில் படம் கேட்கிறார்கள். பள்ளித் தோட்டங்களுக்குக் கொடுத்து நான் பார்த்த பரிசெல்லாம் தோட்டம் போட்ட மாதத்தில்தான் கொடுக்கப்படுகிறது. விடுமுறை முடிந்து முதல் நாள் வந்து பார்த்துப் பரிசு கொடுத்தால் இந்த நாட்டில் பள்ளித் தோட்டமே வேறாக இருக்கும். கடைசியில் ஒரு பாத்தி சாவி, குழாய்க்கு மிக அருகில், விடுமுறைக்கு முன் பறித்துவிட வேண்டும் என்ற உடன்பாட்டோடு. மீதி எல்லாம் பிள்ளைகள் சொன்னபடி.

இந்தத் தீவில் இதெல்லாம் புதுப்பேச்சும் இல்லை. 2019-இல் மறைந்த எஸ். எம். முகம்மது இட்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை வேளாண்மையையும் வீட்டுத் தோட்டத்தையும் விடாமல் பேசிவந்தது. ஐயாவே அந்தச் சங்கத்துத் தாளை முன்பு வாங்கிப் படித்ததாகச் சொன்னார். "படிச்சேன். ஆனா இலைய கூட்டாதேன்னு அதுல போடல." போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். வாதாடவில்லை.

பதினான்காம் மாடியில் இருக்கும் பிள்ளை ஒருத்தி, "எங்க வீட்ல மண்ணே இல்ல டீச்சர்" என்றாள். அவளுக்குத் தக்காகுரா கூடையைச் சொல்லிக்கொடுத்தேன். ஜப்பானியர் ஒருவர் இந்தோனேசியாவின் சுராபாயாவில் உருவாக்கிய முறை. துணி போடும் ஓட்டைக் கூடை, உள்ளே அட்டை, தவிட்டில் தாப்பாய் அல்லது தெம்பே நொதி சேர்த்த கலவை. சமையலறைக் கழிவை நறுக்கிக் கிளறிவிட்டால் நாற்றமில்லாமல் மட்கும். "அம்மா திட்டுவாங்களா?" என்று கேட்டாள். முதல் வாரம் திட்டுவார்கள் என்றேன்.

ஆறாம் நாள், வெள்ளி

அதிகாரிகள் வந்தார்கள். சாவி நாற்றைப் படம் எடுத்தார்கள். போனார்கள்.

பிள்ளைகள் வாழை வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். பழைய பலகையின் பின்பக்கத்தில் எழுதியது. 'சோறு கறி கொட்டாதே. கை மட்டும் கழுவு.' கீழே சிறிய எழுத்தில், 'அழலாம்.' யார் எழுதியது என்று கேட்கவில்லை.

பதினொரு மணிக்குக் கிளம்பினேன். வாசலில் எப்போதும் இருக்கும் கறுப்புப் பைகளைக் காணோம். ஒரே ஒரு பை மட்டும் இருந்தது. வட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தால் குழி நிறையச் சருகு, கரையெல்லாம் சருகு, மரவள்ளிக் குச்சிகளின் கழுத்துவரை சருகு. ஐயா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு பை என்ன ஐயா?"

"லோரிக்காரன் தினமும் வரான். வெறுங்கையோட அனுப்பினா நாளைக்கு இந்தப் பக்கமே வரமாட்டான்," என்றார்.